தண்ணீர் குடித்த சுவர்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை. மந்தைவெளியில் ஒரு பழைய வீட்டின் கொல்லையில் குந்தி உட்கார்ந்து, ஒரு மண் சுவரின் அடியைத் தொட்டுப் பார்க்கிறேன். என் விரல் உள்ளே போகிறது.

வெண்ணெயில் போவதுபோல என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. முந்தின நாள் கிண்டிய களியில் போவதுபோல, கொஞ்சம் யோசித்துவிட்டுப் போனது. நகம் மறைந்தது. விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி மூடிக்கொள்ளவில்லை. அப்படியே இருந்தது.

ஓட்டுக்கூரையின் விளிம்பிலிருந்து மழை கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. சுவருக்கும் அந்தக் கயிறுகளுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற இடைவெளி. அங்கே ஈர மண் வாசனை. எல்லோரும் புகழ்கிற வாசனை அது. மண் சுவர் கட்டியவர்கள் மட்டும் அதை முகர்ந்ததும் சுவரைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

எனக்குப் பின்னால் வெங்கிட்டு சார் நின்றுகொண்டிருந்தார். மிருதங்க வாத்தியார். அந்த அறை அவருடையது. அதைக் கட்டிய கூட்டத்தில் நானும் ஒருத்தி.

"எவ்வளவு போறது, ஸ்டெல்லா?" என்று கேட்டார். ஜுரம் எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்கிற குரலில்.

"நகம் மறையுது சார்," என்றேன்.

அவர் வேஷ்டியை மடித்துக் கட்டினார். அவிழ்த்தார். மறுபடி மடித்துக் கட்டினார்.

நான் இருந்த சுவர்கள்

போன வாரம் இந்தத் தொடரை, நான் வேலை செய்த தி.நகர் பெண்கள் விடுதியின் சமையலறையில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து மந்தைவெளிக்கு வருவதற்கு முன், நான் வாழ்ந்த சுவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தேன். முதல் சுவர் பனை ஓலை. காற்று அடித்தால் சுவரே மூச்சு விடும். அது எரிந்த பிறகு தகரம். வெயில் காலத்தில் தகரத்தில் முதுகு சாய்த்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடி கிடைத்தது. கான்கிரீட். ஊரே கொண்டாடியது. இனி நமக்குப் பயமில்லை என்றாள் அம்மா.

கடல் காற்று கான்கிரீட்டுக்குள் போய்க் கம்பியைத் தின்னும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. துருப்பிடித்த கம்பி பருத்து, மேல்கூரையை உள்ளேயிருந்து பிளக்கும். ஒரு மத்தியானம், அம்மா அரிசி களைந்துகொண்டிருக்கும்போது, கூரையில் ஒரு தட்டு அளவு பெயர்ந்து அவள் வலது தோளில் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தக் கை மேலே போகவில்லை. இடது கையால் தலை சீவக் கற்றுக்கொண்டாள். நன்றாகவே சீவினாள்.

எட்டாவது பாதியில் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். ஓர் இடத்தில் இருக்க முடியாத கால் எனக்கு. சித்தாள் வேலை, ரயிலில் சமோசா, கல்யாணச் சமையலில் பாத்திரம், வடநாட்டு யாத்திரை பஸ்ஸில் காய் நறுக்குவது. சுவர் எழுப்பினால் பூசும் முன்பே கிளம்பிவிடுவேன். என் கை பட்ட வீடுகளில் யார் குடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

மந்தைவெளி அறை ஒன்றைத்தான் திரும்பிப் போய்ப் பார்த்தேன்.

தா தி தொம் நம்

அந்த மனை அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. கீழே அண்ணன் சேஷாத்ரி. கட்டட வேலைகளை மேற்பார்த்து ஓய்வு பெற்ற ஓவர்சியர். அவரைப் பெரிய சார் என்போம். மாடியில் தம்பி வெங்கிட்டு சாரும் அவர் மனைவி ஜெயா மாமியும். எதிர் வீடும் பக்கத்து வீடும் இடிந்து ஃப்ளாட்டுகளாகிவிட்டன. ஒரு பில்டர் இவர்களிடமும் வந்து காபி குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

அண்ணனுக்குக் கொடுத்துவிடலாம் என்று எண்ணம். மாடியில்தான் சாப்பாடு, படி ஏற முழங்கால் விடவில்லை, லிஃப்ட் வைத்த வீடு வேண்டும் என்றார். அது நியாயம்தான். ஆனால் ஃப்ளாட்டில் மிருதங்கம் சொல்லித்தர யார் விடுவார்கள்? வெங்கிட்டு சாரை ஏற்கெனவே வாடகை அறைகளிலிருந்து கிளப்பிவிட்டிருந்தார்கள். வீட்டு மாடியில் பாடம் எடுத்தால் அண்ணனுக்கே மத்தியானத் தூக்கம் கெட்டது.

புதுச்சேரிப் பக்கம் கச்சேரிக்குப் போன இடத்தில் வெங்கிட்டு சார் ஒரு மண் அறையைப் பார்த்தார். முழங்கை நீளத்துக்குக் கனமான சுவர். உள்ளே வாசித்தார். வெளியே நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையாம். கொல்லையில் அந்த மாதிரி ஓர் அறை கட்டத் தெரிந்த ஆளைத் தேடினார். திருவல்லிக்கேணி அன்வர் பாய் கிடைத்தார். பலகை அடைக்கும் தச்சர். புதுச்சேரிப் பக்கம் பல வருஷம் இந்த வேலையே செய்தவர். பாய் என்னைக் கூப்பிட்டார்.

அண்ணன் சிரித்தார். மண்ணாலா, மந்தைவெளியிலா, கடலுக்கு இவ்வளவு கிட்டத்திலா என்று கேட்டார். பிறகு சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஒரே ஒரு மழைக்காலம். நின்னுதுன்னா நான் வாயைத் திறக்கல. கரைஞ்சுதுன்னா பில்டருக்குக் கையெழுத்து. சம்மதமாடா?"

தம்பி சம்மதித்தார்.

பங்குனி வெயிலில் வேலை ஆரம்பித்தது. செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து செம்மண் வந்தது. பாய் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். உப்புக் கரித்தால் லாரியைத் திருப்பிவிடுவார். மணலும் சரளையும் கலந்து, தண்ணீர் தெளித்து, ஒரு பிடியை உருண்டை பிடித்து நெஞ்சு உயரத்திலிருந்து போடுவார். அப்பிக்கொண்டால் தண்ணீர் அதிகம். தூளாகப் போனால் குறைவு. சில துண்டுகளாக உடைந்தால்தான் சரி. மிருதங்கத்தின் இடது பக்கத்தில் ரவையைக் குழைத்து அப்பும்போதும் இதே பாடுதான் என்றார் வெங்கிட்டு சார். தண்ணீர் கூடினால் தொப்பி என்கிற அந்த இடது பக்கம் ஊமையாகிவிடுமாம்.

கருங்கல் கடைக்காலின் மேல் இரண்டு பக்கமும் பலகை அடைத்து, நடுவே மண்ணைக் கொட்டி, திமிசுக்கட்டையால் இடிப்போம். பொலபொலவென்று இருக்கிற மண் இடிபட இடிபடத் தாழும். முதலில் 'பொத் பொத்' என்று சத்தம். கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறும். கட்டை துள்ளிக்கொண்டு மேலே வரும். 'டங்' என்று ஒரு குரல் வந்துவிட்டால் அந்த அடுக்கு முடிந்தது. அடுத்த அடுக்கு.

நாங்கள் நாலு பேர் சுற்றி வந்து இடித்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் வெங்கிட்டு சார் காபியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்றார். என்ன என்று கேட்டோம். "தா தி தொம் நம். முதல் பாடம். காலையிலேர்ந்து அதைத்தானே வாசிச்சிண்டிருக்கேள்?"

எங்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு தெரிந்தே இடித்தோம். பறக்கும் ரயில் தலைக்குமேல் எங்கோ தடதடத்துப் போகும். வேப்பம்பூ பலகைக்குள் உதிரும். அதையும் சேர்த்து இடித்தோம். அந்தச் சுவருக்குள் எங்கேயோ அந்த வருஷத்து வேப்பம்பூ இருக்கிறது. வெயிலில் கண் சொருகி, கை தானாக ஏறி இறங்க, நான் கடலுக்குள் படகில் போகிற மாதிரி இருக்கும். அப்பாவோடு ஒருமுறை அப்படிப் போயிருக்கிறேன். அவர் பிறகு ஒருநாள் போய்த் திரும்பவில்லை.

மழை இல்லாத ஊரின் பெருமை

யாத்திரை பஸ் ஒருமுறை என்னை லடாக் வரை கொண்டுபோனது. அங்கே ஒரு குன்றின் மேல் இடிந்த கோட்டை. சுவரில் வரி வரியாகக் கோடு. என்னவென்று அப்போது தெரியவில்லை. எத்தனையோ நூறு வருஷத்துக் கோட்டை என்று மட்டும் டிரைவர் சொன்னார். மந்தைவெளியில் முதல் பலகையைக் கழற்றியபோது அதே வரிகள். செம்மண்ணில் அடுக்கடுக்காக, அலை வந்து போன கரை மாதிரி. அப்போதுதான் புரிந்தது, அந்தக் கோட்டையையும் யாரோ இப்படித்தான் இடித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று.

பெரிய சாரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"அங்க மழையே கிடையாதேடி. மழை இல்லாத ஊர்ல சர்க்கரையாலகூடக் கோட்டை கட்டலாம்."

வெங்கிட்டு சாரே சிரித்துவிட்டார். அன்வர் பாய் மட்டும் சுவரைத் தடவிக்கொண்டே பதில் சொன்னார்:

"கூரைய நல்லா வெளிய இழுத்து வுடணும் சார். காலு கல்லு மேல நிக்கணும். மேலயும் கீழயும் தண்ணி ஏறலன்னா மண்ணுக்கு இன்னா கீது, அது பாட்டுக்கு நிக்கும். உள்ள துருப்பிடிக்க கம்பியா கீது?"

எனக்கு அம்மாவின் தோள் ஞாபகம் வந்தது.

சித்திரை முடிவதற்குள் கூரை ஏறியது. சிமென்ட் கலக்காத சுவர், காய மாசக்கணக்காகும், அது பாட்டுக்கு விடுங்கள் என்று பாய் வெங்கிட்டு சாரிடம் சொன்னார். எல்லோரும் கலைந்தோம். நான் தி.நகர் விடுதிக்குப் போனேன்.

குழாயின் நீளம்

ஐப்பசியில் பாய் போன் செய்தார். சுவர் ஊறுகிறதாம், வா என்றார். விடுதிச் சமையலைப் பாதியில் போட்டுவிட்டு வந்தேன். விரல் உள்ளே போன கதை அதற்கப்புறம்தான்.

பாய் சுவரைச் சுற்றி வந்தார். மழைக் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். அந்தப் பக்கத்துச் சுவர்தான் கெட வேண்டும். அங்கே போய்க் கையால் தட்டினார். கல் மாதிரி இருந்தது. கெட்டது தெற்குப் பக்கம். மதிலை ஒட்டிய சந்து. மழையே எட்டிப் பார்க்காத இடம். அங்கே இடுப்பு உயரம் வரைக்கும் சுவர் கறுத்து, அடியில் செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. கருங்கல்லின் மேல் பச்சைப் பாசி. பாசி பாதிச் சுவரில் சட்டென்று நின்றது. அதற்கு அப்பால் சுத்தமாக இருந்தது.

பாசி நின்ற இடத்தில் தரையில் ஒரு ரப்பர் குழாய் கிடந்தது. ஒரு முனை தோட்டத்துக் குழாயில் மாட்டியிருந்தது. மறுமுனை அதுவரைக்கும்தான் எட்டும்.

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன்.

பெரிய சார் குடையோடு சந்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் அப்பவே சொன்னேன் என்பார் என்று எதிர்பார்த்தோம். சொல்லவில்லை. முகம் வாடியிருந்தது.

"யார்னா செவுத்துக்குத் தண்ணி காட்டினாங்களா சார்?" என்று பாய் பொதுவாகக் கேட்டார்.

"நான்தான்," என்றார் பெரிய சார். "ஆனி மாசத்திலேர்ந்து தினம் கார்த்தால விடறேன். க்யூரிங் பண்ணாம ஒரு சுவரை விட முடியுமா? நீங்கள்ளாம் பாட்டுக்குப் போயிட்டேள். அது வெயில்ல காஞ்சுண்டு கிடந்தது. பாத்துண்டு எப்படி உக்கார்றது?"

சென்னையில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். புதுச் சுவர் என்றால் காலையும் மாலையும் தண்ணீர். போகிற வருகிறவர்கள்கூட 'தண்ணி வுட்டீங்களா' என்று விசாரிப்பார்கள். சிமென்ட் சுவர் தண்ணீர் குடித்துத்தான் கெட்டிப்படும். அவர் வாழ்நாள் முழுக்க ஆட்களைத் திட்டித் திட்டிச் செய்ய வைத்த வேலை அது. மண் சுவர் காய்ந்துதான் கெட்டிப்படும் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. மழைத் தண்ணீரைப் பற்றிப் பேசினோமே தவிர, இதை அவர் காதுபட எங்களில் ஒருவரும் பேசவில்லை. சிரிக்கிற மனுஷனிடம் எதற்கு என்று விட்டிருந்தோம்.

அவர் விட்ட தண்ணீரைக் கோடை வெயில் அன்றன்றைக்கு உறிஞ்சிவிட்டது. மேகம் மூடியதும் தண்ணீர் உள்ளேயே தங்கிவிட்டது.

ஜெயா மாமி மாடி ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "வாழைக்கு விடறார்னு நெனச்சேன். சுவர் விழணும்னு விட்டேளா?" என்று மேலேயிருந்து கேட்டார்.

பெரிய சார் குடையைத் தாழ்த்தி நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியில் மழைத் துளி.

"விழணும்னா சும்மான்னா இருந்திருப்பேன்?" என்றார்.

மாமி ஜன்னலைச் சாத்திவிட்டுக் கீழே இறங்கி வந்தார். கையில் எல்லோருக்கும் காபி.

கல்யாண மண்டபத்து விசிறிகள்

அதற்கப்புறம் பெரிய சார் மறுபடி ஓவர்சியர் ஆகிவிட்டார். உடனே சிமென்ட் பூசி மூடிவிடலாம் என்றார். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. பூசினால் உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் சுவர் வயிற்றிலேயே தங்கும் என்றார். பெரிய சார் வாக்குவாதம் செய்தார். அப்புறம் மோவாயைத் தடவிக்கொண்டு, சரி, பூச வேண்டாம், காற்றடிக்கலாமா என்று கேட்டார்.

அந்த யோசனை அவருடையது. அதைச் சொல்லியாக வேண்டும்.

கல்யாணச் சமையலில் எனக்குப் பழக்கமான ஒரு வாடகைக் கடை லஸ் பக்கம் இருந்தது. மழைக்காலத்தில் முகூர்த்தம் குறைவு, பந்தல் விசிறிகள் சும்மா கிடந்தன. ஆள் உயர விசிறிகள். சைக்கிள் வண்டியில் வைத்து, மேலே தார்ப்பாய் போர்த்தி, கணுக்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்தோம். கூரையின் எடை சுவரில் இறங்காமல் சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்தார் பாய். சந்திலும் அறைக்குள்ளும் விசிறிகளை நிறுத்தி, சுவரைப் பார்த்துத் திருப்பிவிட்டோம்.

கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு விசிறுகிற விசிறிகள் ஒரு சுவருக்கு விசிறிக்கொண்டிருந்தன.

அந்த நாட்களை நினைத்தால் கனவு மாதிரித்தான் வருகிறது. பகலெல்லாம் இருட்டு. மழை. விசிறிகளின் உறுமல். நான் அறைக்குள் கோணிப்பை விரித்துப் படுத்துக்கொள்வேன். விடுதி வேலை போய்விட்டிருந்தது, எனக்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது. பெரிய சார் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். கரண்ட் போனால் பதறி எழுவார். வந்தால் உட்கார்வார். இடையில் போய் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்ப்பார். வாத்தியார் பக்கத்திலேயே உட்கார்ந்து, மிருதங்கத்தைத் தொடாமல், மடியில் விரலால் வாசித்துக்கொண்டிருப்பார். அண்ணனும் தம்பியும் அந்த அறைக்குள் பேசிக்கொண்டது மிகக் குறைவு.

பிறகு பெருமழை வந்தது. ஒரு விடியலில் தெருவே தெரியவில்லை. வாசல் கேட்டைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. சந்தில் இருந்த விசிறிகளை அறைக்குள் தூக்கினோம். கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். கருங்கல் கடைக்காலில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. கல் முடிகிற இடத்தில்தான் மண் ஆரம்பிக்கிறது. பெரிய சார் முழங்கால் வலியோடு தண்ணீருக்குள் இறங்கி, கல்லில் கை வைத்து நின்றார். இறங்கச் சொன்னால் தண்ணீர் கேட்டுவிடும் என்பதுபோல.

"மேல வாண்ணா," என்றார் தம்பி. "போனாப் போறது."

"நீ சும்மா இருடா," என்றார் அண்ணன்.

கல்லின் மேல் வரிக்குச் சற்றுக் கீழே தண்ணீர் நின்றது. மத்தியானம் வரை அங்கேயே நின்றது. ஒரு பிளாஸ்டிக் குடமும் யாருடைய செருப்போ ஒன்றும் மிதந்து சுற்றிக்கொண்டிருந்தன. பிறகு தண்ணீருக்கு மேல் ஈரக் கல் ஒரு விரல் அளவு தெரிந்தது. தண்ணீர் வடிய ஆரம்பித்திருந்தது.

சுவர் நின்றது.

இன்னொரு மழை

தை வெயிலில் பாய் திரும்பி வந்தார். ஊறின அடிப்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்து, புது மண்ணை இறுக்கி இடித்தார். நானும் இடித்தேன். பெரிய சார் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அடுத்த திட்டுக்குக் கட்டை மாறுகிறபோதெல்லாம், குரல் வந்துதா, குரல் வந்துதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். புது மண்ணின் நிறம் சேரவில்லை. இன்றைக்கும் அந்த இடம் கொஞ்சம் வெளிறித் தெரியும், ஆறின காயம் மாதிரி.

வேலை முடிந்த அன்று சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் உட்கார்ந்தோம். ஒப்பந்தத்தை யாரும் எடுக்கவில்லை. அடியை வெட்டி ஒட்டின சுவர், நின்றதா விழுந்ததா என்று கேட்டால் இரண்டுக்கும் வழக்காடலாம். ஜெயா மாமிதான் ரசம் ஊற்றிக்கொண்டே, பில்டர் நாளைக்கு வருகிறாராம், என்ன சொல்ல என்று கேட்டார்.

வெங்கிட்டு சார் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாமளே கை வெச்சுக் கெடுத்துட்டோம், நாமளே முட்டுக் கொடுத்தோம்," என்றார் பெரிய சார். "இது கணக்கில சேராது. இன்னொரு மழை பாக்கணும்."

அடுத்த மழையும் வந்தது. அதற்குள் நான் கோயம்புத்தூர்ப் பக்கம் போயிருந்தேன். அதற்கடுத்த மழைக்குக் கடப்பா. எங்கே இருந்தாலும் மார்கழி முடிந்து மெட்ராஸ் வரும்போது மந்தைவெளியில் இறங்குவேன். ஒவ்வொரு முறையும் பெரிய சார் அதே நாற்காலியில் இருப்பார். முழங்காலுக்கு இப்போது தைல வாசனை கூடியிருக்கும். லிஃப்ட் இல்லாத அதே வீடு.

போன தையிலும் போனேன். பாடம் நடந்துகொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்ததால் வெளியே ஒன்றும் கேட்கவில்லை. பெரிய சார் அதையும் ஒரு புகாராகச் சொன்னார். பாடம் நடக்கிறதா, தூங்குகிறார்களா என்றே தெரியவில்லையாம். அதனால் நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டுக்கொண்டு, முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். முதுகு வழியாக வருகிறதாம்.

நான் சந்துக்குள் போய் வெளிறின இடத்தில் விரலை வைத்து அழுத்தினேன். போகவில்லை. பலமாக அழுத்தினேன். நகம்தான் வளைந்தது. உள்ளங்கையை வைத்தேன். உள்ளே எங்கோ ஆழத்தில், தா தி தொம் நம்.

திரும்பி வந்து சொன்னேன், "கல்லாட்டம் கீது பெரிய சார். இந்தவாட்டியாவது ஒத்துக்கறீங்களா?"

அவர் கண்ணைத் திறக்காமல் கையை வீசினார்.

"இந்த வருஷம் பெஞ்சதெல்லாம் ஒரு மழையா? அடுத்த வருஷம் பாக்கலாம் போ."